இந்தக் கிடங்குக்கு என்ன பேர்?

சந்தியோகு: முதல்லை ஒண்டைச் சொல்லுங்கோ அண்ணை... இப்ப இதுக்கு என்ன பேர்?

மார்க்கண்டு: எதுக்கு?

சந்தியோகு: நாங்கள் ரெண்டுபேரும் இடுப்பளவுக்கு நிண்டு வெட்டுற இந்தக் கிடங்குக்கு. காலமை மண்வெட்டியைத் தூக்கேக்கை வாழைக்குழி எண்டியள். பக்கத்து வளவுச் சீவரத்தினத்தார் வேலிக்கு மேலாலை தலையை நீட்ட எருக்கிடங்கு எண்டியள். விதானையார் சைக்கிளிலை போக, படலை வரைக்கும் ஓடிப்போய் நிண்டு, மழைத்தண்ணிக்கு மடு வெட்டுறன் எண்டு சொன்னியள்...

மார்க்கண்டு: மெல்லக் கதையும்!

சந்தியோகு: குணலட்சுமி அக்கா வந்து கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?

மார்க்கண்டு: அவளுக்குப் பங்கர்.

சந்தியோகு: பங்கர்.

மார்க்கண்டு: ஓம். குண்டு போடுற பொம்பர் வந்தால் உள்ளை பூருறதுக்கு. அவளும் எவ்வளவு காலமாய்க் கேக்கிறாள். இப்ப மகள் அருந்ததிக்குக் கலியாணம் எண்ட உடனை மாப்பிள்ளையின்ரை தாயும் கரவெட்டியிலை இருந்து சொல்லி அனுப்பிப்போட்டா... பங்கர் இல்லாத வளவிலை தன்ரை மகன் தாலி கட்டமாட்டானாம்.

சந்தியோகு: நல்ல சம்பந்தி. அப்ப உண்மையிலை?

மார்க்கண்டு: உண்மையிலை என்ன உண்மையிலை?

சந்தியோகு: உண்மையிலை இது என்ன கிடங்கு அண்ணை? நான் குருநகராள். கடலுக்கை எங்கை பள்ளம், எங்கை கல் எண்டு கேளுங்கோ, சொல்லுறன். கரையிலை எங்களுக்கு ரெண்டே ரெண்டு குழிதான். நண்டு தோண்டினால் வளை. சேமக்காலையிலை செத்தவனுக்குத் தோண்டினால் சவக்குழி. அதுக்கு மேலை தோண்ட வெளிக்கிட்டால் உப்புத்தண்ணி வந்து காலைப் பிடிக்கும். இடம்பெயர்ந்து உங்கடை புகையிலைக் கொட்டிலுக்கு வந்த பிறகுதான், ஒரு மனிசன் வெறும் பள்ளத்துக்கு இத்தினை பேர் வைப்பான் எண்டு கண்டனான்.

மார்க்கண்டு: தோட்டக்காரன் வளவிலை ஒவ்வொரு குழிக்கும் ஒரு வேலை இருக்கு. வேலைக்கு ஏத்த பேர்.

சந்தியோகு: வேலை என்னெண்டு தெரியாத குழிக்கு?

மார்க்கண்டு: ...சீவரத்தினம் நிக்கிறானோ, பாரும்.

சந்தியோகு: இல்லை. கிணத்தடிக்குப் போட்டார்.

மார்க்கண்டு: மனிசி?

சந்தியோகு: குசினியிலை. அம்மிச் சத்தம் கேக்குது.

மார்க்கண்டு: அப்ப உம்மடை அந்தோனியார்மேலை ஒரு சத்தியம் பண்ணும்.

சந்தியோகு: என்னெண்டு?

மார்க்கண்டு: நான் சொல்லுறது என்ரை மனிசியின்ரை காதுக்குப் போகாது எண்டு.

சந்தியோகு: ஐயோ அண்ணை, சத்தியம் எண்டது பெரிய சாமான்... சரி. அந்தோனியார்மேலை ஆணை. அக்காவுக்குத் தெரியாத ஒண்டையும் நான் அக்காவுக்குச் சொல்லமாட்டன்.

மார்க்கண்டு: அது போதும். கேளும். எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசி. இந்தியன் ஆமி இறங்கி, தூரத்திலை ஷெல்ச் சத்தம் கேக்கத் தொடங்கின அண்டைக்கு, குணம் தன்ரை நகை முழுக்கக் கழட்டி என்ரை கையிலை தந்தவள். பதக்கஞ்சங்கிலி, அட்டியல், காப்பு... எல்லாம் அருந்ததிக்கு எண்டு வைச்சிருந்தது. நான் அதை ஒரு பிஸ்கற் பேணியிலை போட்டு, பேணியை உரப்பையாலை சுத்தி...

சந்தியோகு: புதைச்சியள்.

மார்க்கண்டு: புதைச்சன். "எங்கையப்பா வைச்சனீங்கள்" எண்டு கேட்டவள். சொல்லுவனே? பொம்பிளையளிட்டைச் சொன்னால் பொழுதுபட முதல் சங்கக்கடைக் கியூ வரைக்கும் போயிடும். "வைச்ச இடம் எனக்கும் பிள்ளையாருக்கும் மட்டும்தான் தெரியும்" எண்டு நெஞ்சை நிமித்திச் சொன்னன்.

சந்தியோகு: இப்ப?

மார்க்கண்டு: இப்ப பிள்ளையாருக்கு மட்டும்தான் தெரியும்.

சந்தியோகு: க்ஹும்...

மார்க்கண்டு: சிரியாதையும்!

சந்தியோகு: சிரிக்கேல்லை அண்ணை. மண் வாயுக்கை போட்டுது.

மார்க்கண்டு: இண்டைக்குப் பின்னேரம் பத்தர் வாறார். நகையை மினுக்கித் தர. மத்தியானத்துக்குள்ளை எடுத்து வையுங்கோ எண்டு காலமை புட்டு வைக்கேக்கையே சொல்லிப்போட்டாள். அதை எடுத்து அவளின்ரை கையிலை குடுக்காட்டி... இவ்வளவு காலமும் இந்த வீட்டிலை நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பொய்யாய்ப் போயிடும் சந்தியோகு. பிள்ளையும் வெறுங்கழுத்தோடை மணவறையிலை இருப்பாள்.

சந்தியோகு: அப்ப... அந்தத் தென்னம்பிள்ளை நிக்கிற கிடங்கு?

மார்க்கண்டு: தேடினது.

சந்தியோகு: வாழைக்குலை போட்டுப் புகை ஊதிப் பழுக்க வைக்கிற கிடங்கு?

மார்க்கண்டு: தேடினது.

சந்தியோகு: கக்கூசுக் குழி?

மார்க்கண்டு: அது ஆழமாய்த் தேடினது.

சந்தியோகு: மாதாவே! கோடியிலை இருக்கிற எருக்கிடங்கு?

மார்க்கண்டு: அதுக்கை ரெண்டு தரம் தேடினனான். ரெண்டாந்தரம் எரு நிறைஞ்சிருந்தது.

சந்தியோகு: அக்கா ஒண்டும் கேக்கேல்லையோ?

மார்க்கண்டு: அங்கைதான் என்ரை நல்லகாலம்! நான் வெட்டிக்கொண்டு நிப்பன், தேத்தண்ணியோடை வருவாள். என்னத்தைச் சொல்லித் தப்புவம் எண்டு நான் முழிக்க, அவளே ஒரு பேரைச் சொல்லிப்போடுவாள். "இதென்ன, கக்கூசுக்குக் குழியோ?" "ஓம் குணம்." "ஆ, தென்னங்கிடங்கோ?" "ஓம் குணம், வேறை என்ன?" அடுத்த நாள் விடியத் தென்னம்பிள்ளையோடை வந்து நிப்பாள். பாவம், ஒண்டும் அறியாத மனிசி.

சந்தியோகு: ஓமோம். அக்கா அப்பாவி.

மார்க்கண்டு: என்னிலை உயிர். பேந்து ஒரு நாள் ஷெல் கிட்டக் கிட்ட விழ, ஊர் முழுக்கக் கோயிலுக்கு ஓடினம். ஒருத்தன் அரிசிமூட்டை, ஒருத்தன் காணி உறுதி, ஒருத்தன் ஆட்டுக்குட்டி. இவள் எதைத் தூக்கினவள் தெரியுமோ? என்ரை தலகணியை! "அவருக்குத் தலகணி மாறினால் நித்திரை வராது" எண்டு கோயில் வீதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சாள். எனக்கு வெக்கம் ஒரு பக்கம்...

சந்தியோகு: சந்தோசம் ஒரு பக்கம்.

மார்க்கண்டு: பின்னை! உம்மடை மனிசி யோசப்பின் என்னத்தைத் தூக்கினவ?

சந்தியோகு: அவள் வலையைத் தூக்கினவள். என்னை விட்டிட்டு ஓடினவள்.

மார்க்கண்டு: பாத்தீரோ? ...ஆ! ஆ!

சந்தியோகு: என்ன, நகையோ?

மார்க்கண்டு: கழுத்து! இந்தப் பக்கம் திருப்பேலாது. கழுத்துப் பிடிப்பு. பரியாரியார் எண்ணெய் தந்து பாத்திட்டார். கிடங்கு வெட்டுறதை நிப்பாட்டினால் சுகம் வருமாம்.

சந்தியோகு: இருங்கோ, நான் வெட்டுறன். இந்தப் பக்கம் மண் இளக்கமாய்க் கிடக்கு அண்ணை. ஆரோ முந்திக் கிண்டின மண்.

மார்க்கண்டு: அதைத்தானே காலமை சொன்னீர்! இளகின மண் எண்டு சொல்லித்தானே இதிலை வெட்ட வைச்சனீர். இவ்வளவு ஆழத்துக்கு நான் புதைக்கேல்லை ஐசே. முழங்கை தாழத்தான் வைச்சனான்.

சந்தியோகு: பேணி கீழை இறங்கியிருக்கும்.

மார்க்கண்டு: பேணிக்கென்ன காலோ?

சந்தியோகு: மாரி மழை அண்ணை. மண் ஊற, பாரமான சாமான் தாழும். கடலிலை நங்கூரம் தாழுற மாதிரி.

மார்க்கண்டு: அப்பிடியோ... சரி, அதுக்கேன் சுவரைச் செதுக்குறீர்?

சந்தியோகு: மண் சரியக்கூடாது எல்லே.

மார்க்கண்டு: இதென்ன இது? படியோ? தேடுற கிடங்குக்குப் படி எதுக்கு?

சந்தியோகு: கழுத்து நோவோடை நீங்கள் எப்பிடி ஏறுவியள்? உங்களுக்காகத்தான்.

மார்க்கண்டு: நல்ல மனிசன் நீர். ...நில்லும், நில்லும். அங்காலை ஏன் வளைச்சு வெட்டுறீர்?

சந்தியோகு: நேரை போனால் கல்லு அண்ணை.

மார்க்கண்டு: நகை என்ன, மூலை திரும்பிப் போய்ப் படுத்திருக்குமோ?

சந்தியோகு: தேடுற எண்டால் எல்லாப் பக்கமும் தேடவேணும். குண்டுச்சன்னமும் நேரைதான் வரும், மூலை திரும்பாது.

மார்க்கண்டு: சன்னமோ? சன்னத்துக்கும் நகைக்கும் என்ன?

சந்தியோகு: ...சும்மா வாயிலை வந்தது. அலவாங்கைத் தாங்கோ. இதிலை என்னவோ தட்டுப்படுது.

மார்க்கண்டு: பேணி! பிள்ளையாரே, பேணி!

சந்தியோகு: பேணியில்லை. கட்டை. வேர்... பச்சை வேர்.

மார்க்கண்டு: மெல்லக் கிண்டும்.

சந்தியோகு: இது கிளுவை அண்ணை. கதியால் அடிக்கட்டை. வேலிக்கு நடுற கதியால்.

மார்க்கண்டு: அ... அது பழசு. விடும்.

சந்தியோகு: இஞ்சை இன்னொண்டு. அங்காலையும் ஒண்டு தளிர்த்து நிக்குது. பாருங்கோ, கயிறு பிடிச்ச மாதிரி வரிசையாய்... இதென்ன, உங்கடை வேலி அங்கை நிக்குது, வேலியின்ரை வேர் இஞ்சை கிடக்குது?

மார்க்கண்டு: சத்தம் போடாதையும்!

சந்தியோகு: நாங்கள் இப்ப ஆற்றை காணியுக்கை நிக்கிறம் அண்ணை?

மார்க்கண்டு: என்ரை காணி!

சந்தியோகு: இந்தக் கட்டைக்கு அங்காலை?

மார்க்கண்டு: அதுவும்... இப்ப என்ரை காணி.

சந்தியோகு: எப்பவிருந்து?

மார்க்கண்டு: சீவரத்தினம் குடும்பத்தோடை கொழும்புக்குப் போயிருந்த வரியம். வேலி அடைக்கேக்கை... கொஞ்சம் அங்காலை தள்ளி அரக்கினன்.

சந்தியோகு: கொஞ்சமோ? இதுக்கை என்ரை வள்ளத்தையே கட்டலாம்! அது நகை புதைச்சதுக்கு முதலோ, பிறகோ?

மார்க்கண்டு: பிறகு. அடுத்த வரியம்.

சந்தியோகு: புதைச்ச இடத்தை எதிலை இருந்து அளந்து வைச்சனீங்கள்?

மார்க்கண்டு: வேலியிலை இருந்துதான். மண்வெட்டிப் பிடியாலை அளந்து... மூண்டாவது கதியாலுக்கு நேரை...

சந்தியோகு: மார்க்கண்டண்ணை.

மார்க்கண்டு: கதையாதையும்.

சந்தியோகு: நகையை வேலியிலை இருந்து அளந்து வைச்சிட்டு, வேலியைத் தூக்கி அங்காலை வைச்சனீங்கள். பேந்து அந்த வேலியிலை இருந்தே அளந்து அளந்து தேடினனீங்கள்!

மார்க்கண்டு: மறந்துபோச்சடாப்பா! வேலியை அரக்கேல்லை, அரக்கேல்லை எண்டு விதானையாருக்கு முன்னாலை, ஐயருக்கு முன்னாலை, கோயில் வாசலிலை எண்டு சத்தியம் பண்ணிப் பண்ணி... கடைசியிலை எனக்கே அது உண்மை மாதிரிப் போச்சு!

சந்தியோகு: அந்தோனியாரே! தொலைஞ்ச சாமானைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர் நீர். இப்பிடித் தொலைச்ச சாமானை எப்பவாவது கண்டீரோ?

மார்க்கண்டு: அவரை இழுக்காதையும். போன கிழமை பெரியகடைக்குப் போகேக்கை அவருக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினனான்.

சந்தியோகு: நீங்களோ? சைவக்காரன்?

மார்க்கண்டு: பிள்ளையார் சொல்லுறாரில்லை. வேறை என்ன செய்ய? ...இப்ப பழைய கட்டையிலை இருந்து அளந்தால் எதிலை வரும்?

சந்தியோகு: பிடியைத் தாங்கோ. ஒண்டு... இன்னொண்டு... இஞ்சாலை... கோழிக்கூடு.

மார்க்கண்டு: கோழிக்கூட்டுக்குக் கீழையோ? அதுதான்! குணம் அந்தக் கூட்டைக் கொண்டுவந்து அதிலை வைச்ச நாள் தொட்டு நான் அந்தப் பக்கம் போகேல்லை. வாரும், தூக்குவம்!

சந்தியோகு: பொறுங்கோ அண்ணை, இந்தக் கிடங்கை ஒழுங்காய் முடிச்சிட்டு...

மார்க்கண்டு: இனி இந்தக் கிடங்கு எதுக்கு?

சந்தியோகு: மூலையிலை இன்னும் ஒரு சாண் வெட்டினால் சரி. மேலை மூடுற சிலிப்பர்கட்டை இருக்கிறதுக்கு ஒரு விளிம்பும்...

மார்க்கண்டு: நீர் என்ன விசரோ? பத்தர் சைக்கிளிலை ஏறியிருப்பார்! விடும் கையை!

சந்தியோகு: பொறுங்கோ. சத்தம்...

மார்க்கண்டு: அது அம்மி.

சந்தியோகு: அம்மி வானத்திலையோ சுத்தும்? சகடை! பிளேன், அண்ணை, பிளேன்! குந்துங்கோ கீழை!

குணலட்சுமி: இஞ்சாருங்கோ! எங்கை நிக்கிறியள்? கையைத் தாங்கோ... இறக்குங்கோ என்னை!

மார்க்கண்டு: ஓடிவா, ஓடிவா! இதென்னடி கையிலை?

குணலட்சுமி: தலகணி. கழுத்து நோவோடை கல்லிலையோ தலை வைக்கப்போறியள்? ஐயோ சந்தியோகண்ணை, அதிலை இருக்காதேங்கோ!

சந்தியோகு: தெரியாமல் அக்கா, தெரியாமல்... எல்லாரும் மூலைக்குள்ளை வாங்கோ. காதைப் பொத்துங்கோ. அந்தோனியாரே, மடு மாதாவே...

மார்க்கண்டு: பிள்ளை எங்கை? அருந்ததி எங்கை?

குணலட்சுமி: மானிப்பாயிலை, சட்டை தைக்கிறவவிட்டை. அங்கை பெரிய பங்கர் இருக்கு. இருக்கு எண்டு கேட்டுத்தான் விட்டனான்.

சந்தியோகு: அது கரைப்பக்கமாய்ப் போகுது... திரும்புது... ஐயோ, போட்டிட்டான்!

மார்க்கண்டு: எங்கை? எங்கை விழுந்தது?

சந்தியோகு: தூர. தூரத்தான். கடற்கரைப் பக்கம்.

மார்க்கண்டு: உம்மடை பக்கமோ?

சந்தியோகு: எங்கடை பக்கமாய்த்தான் இருக்கும். அங்கை இனி ஆர் இருக்கினம்... ஓடுகள்தான் உடையும்.

குணலட்சுமி: கொஞ்சம் பொறுங்கோ. உடனை ஏறாதேங்கோ. ...இப்பவும் எங்கடை சண்டிலிப்பாய்க்கு ஒண்டும் வராதோ?

மார்க்கண்டு: ஆர் சொன்னது வராது எண்டு?

குணலட்சுமி: ஆர் சொல்லேல்லை? பிள்ளையும் நானும் பலாமரத்துக்குக் கீழை குப்புறக் கிடந்து கும்பிடேக்கை, விறாந்தையிலை நிண்டு, "அது பலாலிப் பக்கம், எழும்பிவாங்கோ" எண்டு சொன்னது இந்த வாய்தானே?

மார்க்கண்டு: அதுதானே இப்ப பங்கர் வெட்டுறன்...

குணலட்சுமி: நல்லாய்த்தான் வெட்டியிருக்கிறியள். படியும் இருக்கு. மூலையும் திரும்பியிருக்கு. சம்பந்தியார் மூண்டுபேர் தாராளமாய் இருக்கலாம். ...ஐயோ, அடுப்பிலை கறி! அடிப்பிடிக்குது, மணக்குது! விடுங்கோ, நான் ஏறவேணும். தலகணி படியிலை கிடக்கு. மண் படாமல் பாத்துக்கொள்ளுங்கோ!

மார்க்கண்டு: ...போட்டாளோ?

சந்தியோகு: போட்டா. உந்தத் தலகணியை எங்கை வைக்க?

மார்க்கண்டு: படியிலையே கிடக்கட்டும். பாரும் சந்தியோகு, குண்டுக்கு நடுவிலையும் என்ரை கழுத்தை நினைச்சவள். இந்த மனிசிக்கு முன்னாலை நான் என்ன முகத்தோடை நிக்கிறது? வாரும், கூட்டைத் தூக்கும்.

சந்தியோகு: அண்ணை, சீவரத்தினத்தாரும் பங்கராலை வெளியிலை வந்திட்டார். வேலியடியிலை நிக்கிறார்.

மார்க்கண்டு: நிண்டால்?

சந்தியோகு: பழைய கட்டையிலை இருந்து அளந்தால், வேலி அரக்கினது அவருக்கு வெளிச்சமாயிடும். ...ஏதோ கேக்கிறார். "மார்க்கண்டு, என்ன, பழைய வேலியைத் தேடுறீரோ" எண்டு கேக்கிறார்.

மார்க்கண்டு: "கோழி முட்டை தேடுறம்" எண்டு சொல்லும்.

சந்தியோகு: உங்கடை கால் கதியால் கட்டையிலை இருக்கு அண்ணை. அவர் அதைத்தான் பாக்கிறார்.

மார்க்கண்டு: வேலியோ, நகையோ... வேலியோ, பிள்ளையின்ரை கலியாணமோ... ஓம் சீவரத்தினம்! பழைய வேலிதான்! கலியாணம் முடியட்டும், வந்து கதைக்கிறன்! ...போட்டானோ?

சந்தியோகு: தலை உள்ளுக்குப் போட்டுது. வாய் திறந்தபடிதான் போட்டுது.

மார்க்கண்டு: பிடியும். ஒண்டு, ரெண்டு... தூக்கும்! கோழியை விடும், ஓடட்டும். வெட்டும் இதிலை!

சந்தியோகு: மெல்ல...

மார்க்கண்டு: என்ன மெல்ல? விடும், நான் கையாலை கிண்டுறன். இதென்ன... உரப்பை. உரப்பை, சந்தியோகு! என்ரை உரப்பை!

சந்தியோகு: அண்ணை, ஒரு மிடறு தண்ணி குடிச்சிட்டு...

மார்க்கண்டு: பேணி! கறள் பிடிச்சிருக்கு, ஆனால் பேணி! தூக்கிப் பாரும், பாரத்தைப் பாரும்! ஆட்டிப் பாரும்!

சந்தியோகு: ஆட்டுறன். கிலுகிலு எண்டுது.

மார்க்கண்டு: காப்பு! அது காப்பின்ரை சத்தம்! பிள்ளையாரே, நூறு தேங்காய் உடைப்பன்! அந்தோனியாருக்கும் தேங்காய் உடைப்பன்!

சந்தியோகு: அவர் தேங்காய் கேக்கமாட்டார் அண்ணை. பொறுங்கோ, இருந்து கொண்டு திறவுங்கோ. அந்தக் கல்லிலை இருங்கோ. நெஞ்சு சுகமோ?

மார்க்கண்டு: என்ன நெஞ்சு? மூடியை நெம்பும்!

சந்தியோகு: நெம்பிப்போட்டன்.

மார்க்கண்டு: இதென்ன சந்தியோகு?

சந்தியோகு: புளியங்கொட்டை அண்ணை.

மார்க்கண்டு: அதுக்குக் கீழை?

சந்தியோகு: அதுக்குக் கீழையும் புளியங்கொட்டை.

மார்க்கண்டு: சீவரத்தினம்! அவன்தான்! வேலிக்கு மேலாலை நாள் முழுக்க... இல்லை, ஆமி! ஆமிக்காரன்தான்...

சந்தியோகு: ஆமிக்காரன் நகையை எடுத்திட்டுப் புளியங்கொட்டை போட்டு, திரும்ப மூடி, உரப்பையும் சுத்தி வைப்பானே?

மார்க்கண்டு: அப்ப ஆர்? நீரோ? உமக்குத்தான் எல்லாம் தெரியும்! "பொறுங்கோ, இருங்கோ, தண்ணி குடியுங்கோ" எண்டு பேணி திறக்க முதலே நாடி பிடிச்சனீர்!

சந்தியோகு: சத்தியமாய் நான் இல்லை அண்ணை! ...அக்கா வாறா.

குணலட்சுமி: என்ன சத்தம்? பத்தர் படலையடியிலை நிக்கிறார்.

மார்க்கண்டு: குணம்... நான் உனக்கு ஒண்டு சொல்லவேணும்.

குணலட்சுமி: சொல்லுங்கோ.

மார்க்கண்டு: நகை...

குணலட்சுமி: நகைக்கு என்ன?

மார்க்கண்டு: புளியங்கொட்டையாய்ப் போச்சு.

குணலட்சுமி: ஓ, அதுவோ. அது நான் போட்டது.

மார்க்கண்டு: நீ?!

குணலட்சுமி: வெறும் பேணியைத் தோண்டி எடுத்தால் உங்கடை மனம் என்ன பாடுபடும்? கொஞ்சம் பாரமாய் இருக்கட்டும் எண்டுதான்.

மார்க்கண்டு: எப்ப? எப்பிடி?

குணலட்சுமி: நீங்கள் புதைக்கேக்கை சீவரத்தினத்தின்ரை மனிசி வேலி ஓட்டைக்காலை உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டவ. நான் குசினி யன்னலாலை அவவைப் பாத்துக்கொண்டு நிண்டனான். நீங்கள் குளிக்கப் போன உடனை கிண்டி எடுத்திட்டன்.

மார்க்கண்டு: அண்டைக்கே சொல்லியிருக்கலாமேயடி!

குணலட்சுமி: "எனக்கும் பிள்ளையாருக்கும்தான் தெரியும்" எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்கிற மனிசனுக்கு எப்பிடிச் சொல்லுறது? பேந்து ஆறுதலாய்ச் சொல்லுவம் எண்டு ஒரு நாள் தேத்தண்ணியோடை வந்தனான். பாத்தால், கிடங்கு வெட்டிக்கொண்டு நிக்கிறியள்! கலியாணம் முடிச்ச நாள் தொட்டு ஒரு தென்னம்பிள்ளை வைக்கக் கிடங்கு வெட்டித் தாங்கோ எண்டு கேட்டுக் கேட்டு என்ரை வாய் உளைஞ்சது. அண்டைக்கு என்ன ஆழம், என்ன வடிவு! எனக்குச் சொல்ல மனம் வரேல்லை.

மார்க்கண்டு: பிறகு?

குணலட்சுமி: பிறகு கக்கூஸ் இல்லாமல் இருந்தது.

மார்க்கண்டு: சந்தியோகு... இதெல்லாம் உமக்குத் தெரியுமோ?

சந்தியோகு: அண்ணை, நான் என்ன சத்தியம் பண்ணினனான்? அக்காவுக்குத் தெரியாத ஒண்டையும் அக்காவுக்குச் சொல்லேல்லை.

மார்க்கண்டு: அந்த இளகின மண்?

சந்தியோகு: அது நேற்று அக்கா கிணத்துத்தண்ணி ஊத்தி ஊற வைச்சது.

மார்க்கண்டு: படி? மூலை?

சந்தியோகு: அதுவும் அக்கா சொன்ன அளவுதான்.

குணலட்சுமி: பங்கர் எண்டு கேட்டால் வெட்டமாட்டியள். நகை எண்டால் நெருப்பாய் வெட்டுவியள். கலியாண வீட்டிலை அத்தினை சனத்தையும் வைச்சுக்கொண்டு நான் திரும்பப் பலாமரத்துக்குக் கீழையோ படுக்கிறது? இனி வேறை கிடங்கு தேவையில்லை. கோபியாதேங்கோ.

சந்தியோகு: வேலியைப் பழைய இடத்துக்கு எடுக்க வேணும் அக்கா. இப்பதான் அண்ணை சீவரத்தினத்தாருக்குச் சொல்லிப்போட்டார். கதியாலுக்குக் கதியால் குழி வெட்டவேணும்...

குணலட்சுமி: மெய்யோ? பாத்தியளே, நான் கேக்காமலே ஒரு வரிசை!

மார்க்கண்டு: எல்லாத்தையும் விடு. வெட்டுறன். ஊரிலை இருக்கிற எல்லா வளவுக்கும் வெட்டுறன். நகை எங்கை? அதை மட்டும் சொல்லு. இவ்வளவு காலமும் நகையை எங்கையடி வைச்சிருந்தனீ?

குணலட்சுமி: படியிலை கிடக்கிற அந்தத் தலகணியை மண் தட்டி எடுத்துத் தாங்கோ, நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வாறன்... உங்கடை கழுத்திலை குத்திக்கொண்டு கிடந்தது அட்டியல்தான், பத்தரிட்டைச் சொல்லி முதல் அதை நிமித்துவிப்பம்.